தங்கச்சிமடத்தில் வீட்டு ரெக்கார்டிங்: கிட்டார், பேஸ், கையில் 15,000 ரூபாய். எதை வாங்குவது, எதை விடுவது?

தங்கச்சிமடம்_தந்தி

வணக்கம். ஆலயப் பாடல்குழுவுக்காக வீட்டிலேயே கிட்டாரும் பேஸும் பதிவு பண்ணணும். கீபோர்டும் ரிதம் பேடும் ராமநாதபுரத்திலிருந்து டிராக்கா வந்துரும். அதுக்கு மேல நான் வாசிச்சுத் திருப்பி அனுப்பணும். மொத்த பட்ஜெட் 15,000 ரூபாய்.

கையில இருக்கிறது: 8 ஜிபி ரேம் விண்டோஸ் லேப்டாப், மூணு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்குற ஒத்தைச் சுருள்) போட்ட ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஜாஸ் பேஸ் மாடல்ல நாலு தந்தி பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸ், பிக்கப் இல்லாத அகூஸ்டிக், 8 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப், சின்ன நாலு சேனல் மிக்ஸர். அறை 10க்கு 10 அடி, காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கடற்கரை நடக்கிற தூரம்தான்.

இப்போ கிட்டாரை மிக்ஸர் லைன் இன்புட்ல செருகி, அங்கேருந்து லேப்டாப் மைக் ஓட்டைக்குக் கொடுக்கிறேன். இதுல வர்ற பிரச்சினைகள்:

கிட்டார் சத்தம் கம்பளிக்குள்ள அமுக்கின மாதிரி மந்தமா இருக்கு. சார்ஜர் போட்டா "உர்ர்ர்" வருது, இன்வெர்ட்டர்ல ஓடும்போது அது இன்னும் மோசம். பேஸ்ல ஏ தந்தியைத் திறந்து அடிச்சா ஸ்பீக்கர்ல காணாமப் போகுது, பக்கத்து சுரமெல்லாம் நல்லா கேக்குது. வாசிக்கிறதுக்கும் ஹெட்ஃபோன்ல கேக்கிறதுக்கும் நடுவுல இழுவை. புதுத் தந்தி போட்டா ரெண்டு வாரத்துல துரு.

ஆம்ப் முன்னாடி மைக் வைக்கணுமா, நேரா செருகணுமா? கண்டென்சர் மைக் (நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கிற ரகம்) ஒண்ணு வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

---

கீழக்கரை_டோன்

மைக் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. காசு முழுக்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் சிக்னலை டிஜிட்டலாக்கி யூ.எஸ்.பி வழியா கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற பெட்டி), ஒரு நல்ல கேபிள், மூடின ரக ஹெட்ஃபோன், தந்தி, இவ்வளவுக்குள்ள முடியணும். எலக்ட்ரிக்கையும் பேஸையும் நேரா செருகி சுத்தமான சிக்னலா எடுத்து வைங்க. டோனை அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம். மைக் வச்சுப் பிடிச்ச அறையோட எதிரொலியை எடுத்துப் போட வழியே கிடையாது.

மந்தத்துக்குக் காரணம் அந்த லைன் இன்புட். பாஸிவ் பிக்கப் ஒரு பெரிய காயில். அதிர்வெண் ஏற ஏற அதோட மின்தடுப்பும் ஏறிக்கிட்டே போகும். அதுக்கு எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 1 மெகாஓம் இருந்தாத்தான் மேல்ஸ்தாயி சேதமில்லாம வந்து சேரும். மிக்ஸர் லைன் இன்புட் பொதுவா 10, 20 கிலோஓம்தான் இருக்கும். கேபிளைச் செருகின அந்த நொடியே பளிச்சுன்னு இருக்கிறது எல்லாம் அங்க உதிர்ந்துருது. அப்புறம் ஈக்யூவில் (ஒலியோட மேல், கீழ் பகுதியைத் தனித்தனியா ஏத்தி இறக்குறது) டிரெபிளை ஏத்தினா இரைச்சல்தான் ஏறும். லேப்டாப் மைக் ஓட்டை இன்னொரு பாவம். விண்டோஸ் அதுல "என்ஹான்ஸ்மென்ட்"னு சொல்லி நாய்ஸ் குறைக்கிற வேலையெல்லாம் தானாப் பண்ணும். தந்தி அதிர்ந்து அடங்குற வாலை அது இரைச்சல்னு நினைச்சு வெட்டிரும்.

இன்டர்ஃபேஸ்ல "இன்ஸ்ட்ரூமென்ட்" அல்லது "ஹை இசட்" பட்டன் இருக்கணும். உங்க தேவைக்கு என் தேர்வு பெரிங்கர் யூ.எம்.சி 202 எச்.டி. ரெண்டு இன்புட், ரெண்டுலயும் அந்த பட்டன் உண்டு, 24 பிட், யூ.எஸ்.பி மின்சாரத்துலயே ஓடும், சொந்த ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கிற ஒலி மென்பொருள்) இருக்கு. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவும் நல்ல பெட்டிதான், ஆனா பட்ஜெட்டில் பெரும்பங்கை அதுவே தின்னுரும், இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட்டும் ஒண்ணுதான். இருக்கிறதுலயே மலிவான யூ.எம் 2 மாதிரிப் பெட்டிகள் வேலை செய்யும், ஆனா ஏசியோ4ஆல்ங்கிற பொது டிரைவர் போட்டுச் சமாளிக்கணும். இழுவைதான் உங்க பிரச்சினைங்கிறதால அது வேண்டாம்.

கேபிள் 3 மீட்டர் போதும். சாதாரணக் கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவுக்கு மின்தேக்கம் வச்சிருக்கும். 10 மீட்டர் கேபிளைச் சுருட்டிப் போட்டு வாசிச்சா பிக்கப்போட மினுக்கு கீழ இறங்கிரும்.

லெவல் வைக்கிற முறை: பாட்டுல எவ்வளவு பலமா அடிப்பீங்களோ அதைவிடக் கொஞ்சம் பலமா அடிங்க. மீட்டரோட உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி கெயினை வைங்க. 24 பிட்ல பதியும்போது குறைவா எடுத்தா நஷ்டமில்ல. சிவப்புல முட்டினா அந்த டேக் (ஒரு தடவை வாசிச்சுப் பதிஞ்சது) அவ்வளவுதான். கெயின் பூஜ்யத்துல இருந்தும் சிவப்பு எரியுதுன்னா பிக்கப்பைக் கீழே இறக்குங்க, கிட்டார் வால்யூமைக் குறைக்காதீங்க. பாஸிவ்ல வால்யூம் குறைச்சா டிரெபிளும் சேர்ந்து போகும். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடிச்சா தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் காந்தத்துக்கும் நடுவுல 2 மி.மீ இருக்கணும். பேஸுக்கு 3 மி.மீ வரைக்கும் விடலாம்.

இழுவைக்கு வருவோம். ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் மென்பொருளை இறக்கிக்குங்க. 60 நாள் முழுசா சோதிக்கலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். டிவைஸ்ல இன்டர்ஃபேஸோட சொந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்து 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளுற அளவு) 128 சாம்பிள் வைங்க. 128 சாம்பிள்னா 2.7 மில்லி வினாடி. உள்ளே போய் வெளியே வந்து, டிரைவரோட மறைவான தாமதமும் சேர்ந்து மொத்தம் 10 மில்லி வினாடி பக்கம் வரும். ஆம்ப்பிலிருந்து பதினோரு அடி தள்ளி நின்னு வாசிக்கிறப்போ வர்ற தாமதமும் அதே அளவுதான், கை பழகிரும். "டிக் டிக்"னு வெடிச்சா 256க்கு ஏத்துங்க, வைஃபையை அணைச்சுருங்க, பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸ்ல போடுங்க. புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, அதுல மட்டுமே 100 மில்லி வினாடிக்கு மேல போயிரும்.

இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு: இன்டர்ஃபேஸ்ல "டைரக்ட் மானிட்டர்" பட்டனும் அழுத்தி, ரீப்பர்லயும் மானிட்டர் போட்டா ஒரே சத்தம் ரெண்டா வரும். குழாய்க்குள்ள வாசிக்கிற மாதிரி கேக்கும். ஏதாவது ஒண்ணுதான் இருக்கணும்.

டோனுக்கு, ஆம்ப் சத்தத்தைக் கம்ப்யூட்டர்லயே கொண்டுவர்ற நியூரல் ஆம்ப் மாடலர் போதும். இலவசம், திறந்த மூல மென்பொருள். ஆம்ப் கோப்புகளை டோன்3000 தளத்துல எடுக்கலாம். உங்க லேப்டாப்புக்கு "ஃபெதர்" அல்லது "நானோ" அளவு கோப்பைத் தேடுங்க. ஸ்டாண்டர்டு ப்ராசஸரை அழுத்தும். ப்ராஜெக்ட்டை 48 கிலோஹெர்ட்ஸ்ல வைக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம், அந்தக் கோப்புகள் பெரும்பாலும் 48ல பயிற்சி கொடுத்தவை. ஆம்ப் தலைக்குப் பின்னால கேபினெட் ஐ.ஆர் கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியோட ஒலித்தன்மையைப் பதிஞ்ச கோப்பு) கட்டாயம். நிஜ கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வேகமா சரிஞ்சுரும், அந்தச் சரிவைத்தான் ஐ.ஆர் தருது. அது இல்லாம டிஸ்டார்ஷன் போட்டா தகரத்துல மணல் தேய்ச்ச சத்தம்தான் வரும். கோப்பு "ஃபுல் ரிக்"னு இருந்தா கேபினெட் அதுக்குள்ளயே இருக்கு, மேல இன்னொரு ஐ.ஆர் போடாதீங்க.

ரிதம் கிட்டாரை அகலமாக் காட்டணும்னா ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு இடம், வலம்னு பிரிங்க. ஒரே டேக்கை காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் வச்சா அகலமாகாது, நடுவுல சத்தம் கூடுறதோட சரி.

---

சேதுக்கரை_வயரிங்

டோன் அண்ணன் சிக்னலைச் சொல்லிட்டார், நான் கரண்ட்டையும் உப்பையும் சொல்றேன். நம்ம கரையில பாதி ரெக்கார்டிங் பிரச்சினை அங்கதான் இருக்கு.

முதல்ல இதைப் பண்ணுங்க: டேக் எடுக்கும்போது சார்ஜரைப் பிடுங்கிருங்க. லேப்டாப் பேட்டரி, இன்டர்ஃபேஸுக்கு யூ.எஸ்.பி மின்சாரம், ஆம்ப் கம்ப்யூட்டருக்குள்ள. அப்போ மொத்தச் சங்கிலியும் வீட்டு வயரிங்கைத் தொடவே தொடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வர்ற நாள்ல சிங்கிள் காயிலை எடுத்து வாசிச்சுப் பாருங்க, சுத்தின வயர் எதுலயும் கரண்ட் இல்லாததால அவ்வளவு அமைதியா இருக்கும். ஃபேன் ஓடாது, அது ஒண்ணுதான் கஷ்டம்.

அப்பவும் இரைச்சல் இருந்தா வரிசையா பிரிச்சுப் பார்க்கணும். ரீப்பர் ஈக்யூ திரையில கூம்பு எங்க நிக்குதுன்னு பாருங்க. 50 ஹெர்ட்ஸ்ல நின்னா பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மரோ எர்த் லூப்போ. 100, 200, 300னு அடுக்கா நின்னா மலிவான அடாப்டர், எல்.ஈ.டி பல்பு. இன்வெர்ட்டர் மோசமா இருக்குன்னு சொன்னீங்களே, அது ஸ்கொயர் வேவ் ரகம். 50க்கு மேல 150, 250, 350னு ஒற்றைப்படை அலைகளைக் கொட்டும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது பெரும்பாலும் இருக்காது. ரெக்கார்டிங்குக்காக மாத்த வேண்டாம், மெயின் சுவிட்சில் இன்வெர்ட்டரை பைபாஸ் பண்ணினாப் போதும்.

ஃபேன் ரெகுலேட்டரையும் பாருங்க. திருகு மாதிரி விட்டுவிடாம சுத்துற எலக்ட்ரானிக் ரகம்னா அலையை வெட்டி வெட்டி அனுப்பும், "ஜ்ஜ்ஜ்"னு கூர்மையா சத்தம் வரும். வாசிக்கும்போது ஃபுல்லில் வைங்க, இல்லன்னா ஆஃப். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தட்டுற கெப்பாசிட்டர் ரகம் இந்தத் தொந்தரவு தராது.

சிங்கிள் காயில்ல ரெண்டு இலவச வழி இருக்கு. உட்கார்ந்த இடத்துலயே மெல்லத் திரும்புங்க. ஏதோ ஒரு கோணத்துல இரைச்சல் பாதியாகும், அந்தத் திசையிலேயே வாசிங்க. ரெண்டாவது, கிட்டாரோட பிக்கப் சுவிட்சை 2 அல்லது 4ல வைங்க. நடு பிக்கப் எதிர்ச்சுற்றுன்னா ரெண்டும் சேர்ந்து இரைச்சலைக் கழிச்சுரும். ஜாஸ் பேஸ்லயும் அப்படித்தான், ரெண்டு வால்யூமும் சமமா முழுசா திறந்திருந்தா அமைதி, ஒண்ணைக் குறைச்சா உறுமும்.

தந்தியைத் தொட்டா இரைச்சல் குறையுதுன்னா அது இயல்பு. தொட்டா கூடுதுன்னா ஜாக்கைக் கழட்டிப் பாருங்க, ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறி சால்டர் ஆகியிருக்கும். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரின்னா பிரிட்ஜுக்கு அடியில போற எர்த் கம்பி விட்டுப்போயிருக்கு. பிரிட்ஜ் திருகுக்கு அடியில வெறும் அழுத்தத்துலதான் அந்தக் கம்பி உட்கார்ந்திருக்கும். உப்புக்காத்துல அங்க களிம்பு ஏறி தொடர்பு அறுந்துரும். கழட்டி, கம்பி நுனியையும் பிரிட்ஜ் அடியையும் நுண் உப்புத்தாளால தேய்ச்சு, திரும்ப வைங்க. மல்டிமீட்டர்ல தந்திக்கும் ஜாக்கோட வெளி வளையத்துக்கும் பீப் வரணும்.

உள்ளே தாமிர டேப் ஒட்டி ஷீல்டு பண்ணணும்னு நினைச்சா நல்ல முடிவு. ஆனா ஒரு டேப் மேல இன்னொண்ணு ஒட்டுற இடத்துல கீழ பசை இருக்கும். பசை மின்சாரம் கடத்தும்னு விளம்பரம் இருந்தாலும் நம்பாதீங்க. ஒவ்வொரு ஒட்டுலயும் ஒரு பொட்டு சால்டர் வைங்க. நம்ம ஊர்ல ஆறு மாசத்துல டேப் விளிம்பு பச்சை பூத்துரும், அப்போ அந்தப் பொட்டுதான் தொடர்பைக் காப்பாத்தும்.

எர்த் விஷயத்துல விளையாட வேண்டாம். ஹம் போகணும்னு ஆம்ப் பிளக்கோட மூணாவது பின்னை வெட்டுறது உயிரோட விளையாடுறது. கையில இரும்புத் தந்தி, வெறுங்கால், ஈரத்தரை; உதட்டுல மைக் பட்டா மின்சாரம் உடம்பு வழியாத்தான் போகும். மணல் பூமி கோடையில காய்ஞ்சா எர்த் மோசமாகும். ஜி.ஐ பைப்பும் உப்புல அரிச்சுரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்ட் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் குழியைக் கவனிக்கணும். வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தா கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லன்னா அதை முதல்ல போடுங்க, இன்டர்ஃபேஸ் அப்புறம்.

உப்பு: ஜாக், சுவிட்ச், வால்யூம் எல்லாத்துக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்குங்க. துருவுக்கு அடிக்கிற சாதாரண ஸ்பிரே வேண்டாம், அது எண்ணெய்ப் படலம் விட்டு தூசியைப் பிடிக்கும். ஜாக் ஓட்டைக்குள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியை விட்டுச் சுத்துங்க, குச்சி பச்சையா வெளிய வரும். பச்சை வராம நிக்கிற வரைக்கும் சுத்துங்க. இன்டர்ஃபேஸையும் மைக்கையும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கு, சமையல் சட்டியில வறுத்துக் காய வைக்காதீங்க. ஆரஞ்சு ரகம் வாங்கி, அதுக்குன்னு ஒரு பழைய தட்டு ஒதுக்கிக்குங்க.

---

மண்டபம்_பேஸ்

ஏ தந்தி காணாமப் போறது உங்க பேஸோட குத்தம் இல்லீங்க. அறை 10க்கு 10. பத்தடி இடைவெளியில எதிரெதிர்ச் சுவர் ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற அலை ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். பேஸோட திறந்த ஏ 55 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒண்ணா இருக்கிறதால பாதிப்பு ரெட்டிப்பு. அறை நடுவுல உட்கார்ந்தா அந்தச் சுரம் மறையும், சுவரோரம் தலையைக் கொண்டுபோனா முழங்கும். இப்பவே நகர்ந்து பாருங்க, தெரியும். நேரா செருகி எடுத்த டிராக்குல அது முழுசா இருக்கும். ஆனா ஸ்பீக்கர்ல கேட்டுட்டு ஏ குறைவா இருக்குன்னு ஈக்யூவில் 55ஐ ஏத்தினீங்கன்னா, மத்த வீட்டுல எல்லாம் அது இடிக்கும். பேஸ் முடிவெல்லாம் ஹெட்ஃபோன்லயே எடுங்க.

ஹெட்ஃபோன்லயும் ஒரு சுரம் சீக்கிரம் செத்துப்போகுதுன்னா அது வேற விஷயம், கழுத்தோட டெட் ஸ்பாட். ஜி தந்தியில 5லேர்ந்து 7ஆம் ஃபிரெட் வரைக்கும் சகஜம். அதே சுரத்தை டி தந்தியில 10, 11, 12ல வாசிச்சா தப்பிக்கலாம்.

தந்தியைப் பத்தி என் கருத்து அழுத்தமானது. பாடல்குழுப் பாட்டுக்கு ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுத்தின வழவழப்பான தந்தி) போடுங்க. 45-105 தடிமன் செட். விலை கூடத்தான், ஆனா ரவுண்ட்வவுண்ட் மாதிரி வரிப்பள்ளம் கிடையாது, வேர்வையும் உப்பும் உள்ள போய் உட்கார இடமில்லை. முதல் நாளே உருண்டையா ஒலிக்கும், ஒரு வருஷம் கழிச்சும் அதே ஒலிதான். ராக் மாதிரி கிறீச்சிடணும்னாத்தான் ரவுண்ட்வவுண்ட். அது மங்கிட்டா கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுக்கலாம், கொஞ்ச நாளைக்கு மினுக்கும். ஆனா கடற்கரையில அதைச் செஞ்சா அதே மணிநேரத்துல வெயில்ல முழுசாக் காய வைக்கணும். சுற்றுக்குள்ள ஈரம் தங்கினா உள் கம்பி துருப்பிடிச்சு, டியூன் நிக்காது. கிட்டார் தந்திக்கு இந்த வேலை வேண்டாம், கோட்டிங் போட்ட தந்தி வாங்குங்க. வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு தந்தியையும் துணியால கிள்ளிப் பிடிச்சு, அடியும் சேர்த்துத் துடைச்சுட்டு பெட்டியில வச்சு மூடுங்க. சுவத்துல மாட்டி வைக்காதீங்க, கச்சான் காத்து காலத்துல ஜன்னல் பக்கம் மாட்டின கிட்டார் ஒரு மாசம் தாங்காது.

பதியுறதுக்கு முன்னாடி செட்டப் பாருங்க. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தினா 8ஆம் ஃபிரெட்ல தந்திக்கு அடியில 0.3 மி.மீ, ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு. மழைக்காலத்துல மரம் ஈரம் குடிச்சு இது மாறும். டிரஸ் ராடை (கழுத்தோட வளைவைச் சரிபண்ணுற உள்கம்பி) கால் திருப்புக்கு மேல ஒரே நேரத்துல திருப்பாதீங்க, திருப்பிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க. அப்புறம் 12ஆம் ஃபிரெட்ல அழுத்தின சுரமும் ஹார்மோனிக்கும் டியூனர்ல ஒண்ணா நிக்கணும். அழுத்தினது ஏறி இருந்தா சேடிலை (பிரிட்ஜ்ல தந்தி உட்கார்ற துண்டு) பின்னாடி தள்ளுங்க. கீபோர்டு டிராக்கோட சேரும்போது பேஸ் சுருதி லேசா விலகினாலும் பாட்டு மொத்தமும் புளிச்சுப்போகும்.

மிக்ஸுல நான் தொடங்குற இடம்: 35 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு, 250 பக்கம் 2 டெசிபல் குறைப்பு, 800 பக்கம் 2 டெசிபல் ஏத்தம். கம்ப்ரஸர் (பலத்த சத்தத்தை அமுக்குறது) 4க்கு 1, அட்டாக் 25 மில்லி வினாடி, ரிலீஸ் 120, ஊசி 4லேர்ந்து 6 டெசிபல் வரைக்கும் அமுங்கினாப் போதும். அட்டாக்கை 2, 3ன்னு வேகமா வச்சா விரல் தட்டுற நுனி போயிரும், பேஸ் எங்க தொடங்குதுன்னே தெரியாது.

முக்கியமானது இதுதான். ஜனங்க இதை ஃபோன்ல கேப்பாங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல 41 ஹெர்ட்ஸ் ஈ தந்தி வரவே வராது. அதனால பேஸ் டிராக்கை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில 250க்குக் கீழ முழுக்க வெட்டி, சாச்சுரேஷன் (மிதமான டிஸ்டார்ஷன்) கொஞ்சம் தாராளமாப் போட்டு, மூல டிராக்குக்கு அடியில லேசாக் கலந்துவிடுங்க. மேல இருக்கிற ஹார்மோனிக்கைக் கேட்டு காது கீழ்ச்சுரத்தைத் தானே நிரப்பிக்கும். காப்பி தனியாக் கேட்டா அசிங்கமா இருக்கும், கவலை வேண்டாம். கலந்ததும் ஒருதடவை அலையைத் தலைகீழாக்குற ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பாருங்க, எந்தப் பக்கம் கீழ்ஒலி தடிமனா இருக்கோ அதுதான் சரி. பேஸ் எப்பவும் மோனோ, நடுவுல.

---

தங்கச்சிமடம்_தந்தி

எல்லாருக்கும் நன்றிண்ணே. நகர்ந்து பார்த்தேன், சுவரோரம் ஏ முழங்குது. ரெண்டு கேள்வி பாக்கி. அகூஸ்டிக்குக்கு மைக் வேணுமே, அதுக்காவது கண்டென்சர் வாங்கலாமா? இன்னொண்ணு, ராமநாதபுரத்துலேருந்து டிராக் எம்பி3ல வருது. அதுக்கு மேல வாசிச்சு அனுப்பினா அவங்க பக்கம் தாளம் ஒரு நூல் பின்தங்குதுன்னு சொல்றாங்க. இங்க கேக்கும்போது சரியாத்தான் இருக்கு.

---

தொண்டி_ஆறுதந்தி

அகூஸ்டிக்குக்குக் கண்டென்சர்தான் அழகு, இதுல டோன் அண்ணன் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். விரல்நடை நுணுக்கம் டைனமிக்கில் (மேடையில பாடுற சாதாரண மைக் ரகம்) முழுசா வராது. ஆனா இந்த 15,000ல சேர்த்து வாங்க வேண்டாம். மலிவு கண்டென்சரோட சவ்வுல கடற்கரை ஈரம் படிஞ்சா "பொட் பொட்"னு வெடிக்கும். இதோட, அது உங்க டைல்ஸ் எதிரொலி, ரயில், அலை எல்லாத்தையும் சேர்த்து அள்ளும்.

பாடல்குழுவுல எஸ்.எம்.58 ரகப் பாட்டு மைக் இருக்குமே, அதுல ஒண்ணைக் கேட்டு வாங்குங்க. வாத்தியத்துக்கு வைக்கிற எஸ்.எம்.57ம் இந்த 58ம் உள்ளே ஏறத்தாழ ஒரே கருவிதான். 12ஆம் ஃபிரெட்டுக்கு நேரே, 15 செ.மீ தூரத்துல, முகம் கழுத்து உடம்போட சேர்ற இடத்தைப் பார்க்கணும். கிட்டார் உடம்போட ஓட்டைக்கு நேரே வைக்காதீங்க, அங்க 100 ஹெர்ட்ஸ் பக்கம் பெட்டிக்காத்து முட்டும், எல்லாம் "பொம் பொம்"ன்னு இருக்கும். டைனமிக்குக்கு கெயின் ரொம்ப ஏத்த வேண்டிவரும், இரைச்சல் லேசா ஏறும். பிக்கால அடிக்கிற ரிதமுக்கு அது தெரியாது.

இலவம்பஞ்சு மெத்தை ஒண்ணை உங்க முதுகுக்குப் பின்னாடி நிமிர்த்தி வைங்க, இன்னொண்ணைப் பக்கவாட்டுல. மைக் பார்க்கிற திசையில, அதாவது உங்களுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் முக்கியம். ஓலைப்பாயும் முட்டைத் தட்டும் இந்த வேலைக்கு உதவாது, கனம் இல்லாம சத்தத்தை உறிஞ்ச முடியாது. தரையில ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போடுங்க. மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறிரும், ஜன்னல் சட்டம் ஆடுற சத்தம்கூட விழும். விடியக்காலையில எடுங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டா ரயில் உறுமல் பெரும்பாலும் போயிரும், கிட்டாரோட கீழ் ஈ 82லதான் தொடங்குது.

---

கீழக்கரை_டோன்

தாளம் பின்தங்குறதுக்கு உங்க கை காரணமில்ல தம்பி. எம்பி3 ஆக்கும்போது கோப்போட தொடக்கத்துல வெறும் சாம்பிள்கள் சேரும். 25 மில்லி வினாடியோ அதுக்கு மேலயோ, மென்பொருளைப் பொறுத்து மாறும். உங்க பக்கம் அந்த வெறுமையோட சேர்த்து வாசிக்கிறீங்க, அதனால சரியாக் கேக்குது. அவங்க பக்கம் மூல டிராக்குல அந்த வெறுமை இல்ல. உங்க வாசிப்பை அங்க வச்சதும் பின்னாடி நிக்குது.

டிராக்கை வேவ் கோப்பாக் கேளுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டோட வேகத்தையும் எண்ணாக் கேட்டு வாங்குங்க. முதல் அட்சரத்துக்கு முன்னாடி நாலு கிளிக் வச்சு அனுப்பச் சொல்லுங்க. நீங்களும் அதே நாலு கிளிக் தொடங்குற புள்ளியிலேருந்து ஏற்றுமதி பண்ணுங்க, பாட்டு நடுவுல ஒரே ஒரு பிட்டு வாசிச்சிருந்தாலும் கோப்பு பூஜ்யத்துல தொடங்கணும். அப்போ அவங்க இழுத்துப் போட்டாலே பொருந்தும். ஒரு சந்தேகம் வந்தா கிளிக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாப் போதும், 48 சாம்பிள்னா ஒரு மில்லி வினாடி விலகல்.

மோனோ வேவ் நிமிஷத்துக்கு 8.6 எம்பி வரும். அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு 43 எம்பி. வாட்ஸாப்ல ஆடியோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல டிரைவ்ல ஏத்தி இணைப்பைக் கொடுங்க. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ரெண்டு கோப்பு: டோன் போட்டது ஒண்ணு, ஒண்ணும் போடாத நேரடி சிக்னல் ஒண்ணு. கோப்புப் பெயர்ல பாட்டு, வாத்தியம், வேகம், "நேரடி" அல்லது "டோன்" எல்லாம் இருக்கட்டும். மிக்ஸ் பண்றவருக்கு உங்க டோன் டோலக்கோட இடக்கை "தொம்"மோட முட்டுதுன்னு தோணினா, அந்த நேரடிக் கோப்பை வச்சு அவரே வேற ஆம்ப் போட்டுக்குவார். நீங்க திரும்ப வாசிக்க வேண்டியிருக்காது.